பிரெக்சிட்: வெளிய போறோம்னு முடிவு பண்ணாங்க, எங்க போறதுன்னு முடிவு பண்ணல

[திரையில்: ஓட்டுச்சீட்டு, கீழ ரெண்டு கட்டம்]

2016 ஜூன் 23, பிரிட்டன்ல மக்கள் கைல குடுத்த சீட்டுல இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஐரோப்பிய யூனியன்ல தொடரணுமா, வெளியேறணுமா? ரெண்டு கட்டம் இருக்கும், ஏதாவது ஒண்ணுல பெருக்கல் குறி போட்டுட்டு வரணும், அவ்ளோதான். அங்க பூத்ல பேனா கிடையாது, நூல்ல கட்டின பென்சில்தான், வழக்கமே அதுதான். ஆனா அந்த தடவை "பென்சில்ல போட்டா உளவுத்துறைக்காரன் அழிச்சிருவான், வீட்லருந்து பேனா எடுத்துட்டு போங்க"ன்னு ட்விட்டர்ல ஒரு ஹேஷ்டேகே ஓடுச்சு. ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே நாடு எந்த மூட்ல இருந்துச்சுன்னு இதுலயே தெரியும்.

ரிசல்ட் உங்களுக்கு தெரிஞ்சதுதான். வெளியேறணும்னு 51.9 சதவீதம், அதாவது 1 கோடியே 74 லட்சம் பேர். தொடரணும்னு 48.1 சதவீதம், 1 கோடியே 61 லட்சம் பேர். இதை வெச்சுதான் எல்லாரும் 52க்கும் 48க்கும் நடந்த சண்டைன்னு சொல்வாங்க. நான் அப்படி பாக்கல. அதுக்கப்புறம் மூணரை வருஷம் அந்த நாட்டை ஆட்டிப் படைச்ச சண்டை, பெரும்பாலும் அந்த 52க்குள்ளயே நடந்த சண்டை. ஏன்னா வெளிய போகணும்னு சொன்னவங்கள்ல ஆளாளுக்கு ஒரு "வெளிய" இருந்துச்சு, அதுல எதுன்னு சீட்டுல யாருமே கேக்கல.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம்.

பிரிட்டன் இந்த கூட்டணிக்குள்ள போனதே லேட்டு. 1961லயும் 1967லயும் கதவை தட்டுனாங்க, ரெண்டு தடவையும் பிரான்ஸ் அதிபர் சார்ல்ஸ் டி கோல் முடியாதுன்னுட்டார். கடைசியா 1973 ஜனவரி 1ல தான் உள்ள போனாங்க. ரெண்டே வருஷத்துல, 1975ல, இருக்கலாமா வேண்டாமான்னு ஒரு வாக்கெடுப்பு. ஆமா, 2016ல நடந்தது ரெண்டாவது தடவை. 1975ல 67 சதவீதம் பேர் இருக்கலாம்னாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அப்போ வெளிய வாங்கன்னு கத்துனது லேபர் கட்சியோட இடதுசாரி ஆளுங்க, டோனி பென் மாதிரி, இது முதலாளிகளோட கிளப்னு சொல்லிட்டு இருந்தாங்க. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் என்ன பண்ணாங்கன்னா ஐரோப்பிய நாட்டு கொடியெல்லாம் பின்னின ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருப்போம் இருப்போம்னு பிரச்சாரம் பண்ணாங்க. அடுத்த 40 வருஷத்துல ரெண்டு கட்சியும் அப்படியே இடம் மாறிடுச்சு.

அப்புறம் பிரதமர் டேவிட் கேமரூன். அவரோட கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ள ஐரோப்பா விஷயம் பல வருஷமா புகைஞ்சிட்டே இருந்துச்சு, வெளிய, யூனியனை விட்டு வெளியேறணும்ங்கிறதையே கொள்கையா வெச்ச நைஜல் ஃபராஜோட யூகிப் கட்சி அவங்க ஓட்டை உருவ ஆரம்பிச்சிருச்சு, 2014 ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல்ல பிரிட்டன்ல முதல் இடமே யூகிப்புக்குதான். கேமரூன் அதுக்கு முன்னாடியே, 2013 ஜனவரில, அடுத்த தேர்தல்ல ஜெயிச்சா வாக்கெடுப்பு வைக்கிறேன்னு வாக்கு குடுத்துட்டார். 2015ல தனி மெஜாரிட்டியே கிடைச்சிருச்சு, இனி தப்பிக்க வழியில்ல. கட்சிக்குள்ள இருக்கிற சண்டையை தீர்க்க மொத்த நாட்டையும் கூப்பிட்டாருன்னு சொன்னா அது அவர் மேல அநியாயமா இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

பிரச்சாரம் எப்படி இருந்துச்சு? ரெண்டு பக்கமும் நேர்மையா பேசல, இதை மறைக்க ஒண்ணும் இல்ல.

லீவ் தரப்புல, அதாவது வெளியேறணும்னவங்க பக்கம், ஒரு சிவப்பு பஸ். "வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பிய யூனியனுக்கு அனுப்புறோம், அதை நம்ம என்எச்எஸ்ஸுக்கு குடுப்போம்"னு பஸ் முழுக்க எழுதி ஊரூரா ஓட்டுனாங்க. என்எச்எஸ்னா அவங்க அரசு மருத்துவ சேவை, அந்த ஊர்ல அதை கைவெச்சா யாரா இருந்தாலும் காலி, அவ்ளோ சென்டிமென்ட். ஆனா அந்த 35 கோடி மொத்தக் கணக்கு, பிரிட்டனுக்குன்னு தாட்சர் காலத்துல பேசி வாங்கின தள்ளுபடியை கழிக்கவே இல்ல, திரும்பி வர்ற விவசாய மானியம், ஆராய்ச்சிப் பணம் எதையும் கழிக்கல. நாட்டோட புள்ளியியல் ஆணையமே இது ஜனங்களை தப்பா வழிநடத்துதுன்னு சொல்லுச்சு. பஸ் நிக்கல. சொல்லப்போனா எதிர்ப்பு வந்ததே அவங்களுக்கு லாபம், "35 கோடி இல்லப்பா, அதைவிட கம்மி"ன்னு மறுக்கப் போனவன் வாயாலயே நாம நெறைய காசு அனுப்புறோம்ங்கிறது தெருத்தெருவா போய் சேந்துச்சு.

ரிமெய்ன் தரப்பு, அதாவது தொடரணும்னவங்க, பயமுறுத்தறதுதான் வேலைன்னு இருந்தாங்க. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2030ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருஷத்துக்கு 4,300 பவுண்டு நஷ்டம்னு ஒரு கணக்கு காட்டுனார், ஓட்டு போட ஒரு வாரம் இருக்கும்போது, லீவ் ஜெயிச்சா அவசர பட்ஜெட், வரி ஏறும்னு மிரட்டுனார். ஒபாமா லண்டன் வந்து, வெளிய போனா அமெரிக்காவோட வர்த்தக ஒப்பந்தத்துக்கு வரிசைல கடைசில நிக்கணும்னுட்டு போனார். வெளிநாட்டு ஆளு நமக்கு பாடம் எடுக்கிறானான்னு ஜனங்க கடுப்பானதுதான் மிச்சம். இருந்தா என்ன நல்லதுன்னு ஒரு ஆளு நெஞ்சைத் தொட்டு பேசல.

லீவ் போட்டவங்களை எல்லாம் ஒண்ணும் தெரியாதவங்கன்னு ஒதுக்குறது சோம்பேறித்தனம். லிங்கன்ஷயர்ல பாஸ்டன்னு ஒரு ஊர், சுத்தி முட்டைக்கோஸ் வயல், காய்கறி பேக்கிங் ஷெட். நாட்டுலயே அதிகமா லீவ் போட்டது அங்கதான், 75.6 சதவீதம். 2004ல போலந்து, லித்துவேனியா மாதிரி நாடுங்க யூனியன்ல சேர்ந்தப்போ மத்த பெரிய நாடுங்க எல்லாம் வேலை உரிமையை சில வருஷம் தள்ளி வெச்சாங்க, பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டும் உடனே திறந்து விட்டாங்க. வருஷத்துக்கு 5,000லருந்து 13,000 பேர் வருவாங்கன்னு அரசுக்காக போட்ட கணக்கு சொல்லுச்சு (ஜெர்மனியும் திறக்கும்னு நெனச்சு போட்ட கணக்கு அது, ஜெர்மனி திறக்கல). வந்தது லட்சக்கணக்குல. 2011 சென்சஸ் எடுக்கும்போது பாஸ்டன்ல பத்துல ஒருத்தர் அந்த புது உறுப்பு நாடுகள்ல பொறந்தவர். டாக்டர் கிடைக்கல, வாடகை ஏறுது, ஸ்கூல்ல இடமில்லன்னு சொன்னவங்களை லண்டன்ல இருந்தவங்க இனவெறின்னு ஒரே வார்த்தைல முடிச்சு வெச்சாங்க. சில பேர்கிட்ட அது நிஜமாவே இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா எல்லார்கிட்டயும் இருந்தது அது மட்டும் இல்ல.

இங்க நம்ம ஆளுங்களுக்கு ஒரு சம்பந்தம் இருக்கு. இந்த ஓட்டுல காமன்வெல்த் நாட்டு குடிமக்கள் பிரிட்டன்ல முறையா தங்கியிருந்தா போடலாம். அதாவது சென்னைலருந்தோ யாழ்ப்பாணத்துலருந்தோ போய் ஸ்டூடன்ட் விசால இருக்கிற பையன் கூட போடலாம், ஆனா 20 வருஷமா அங்கயே வேலை பாத்து வரி கட்டுற போலந்துக்காரர், அவர் வாழ்க்கையையே புரட்டிப் போடப் போற விஷயம் இது, அவர் போட முடியாது. இது போதாதுன்னு லீவ் பக்கம் நின்ன அமைச்சர் பிரீத்தி படேல் "கறி ஹவுஸ்களை காப்பாத்துவோம்"னு ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, ஐரோப்பாலருந்து வர்ற ஆளை நிறுத்துனா நம்ம ஊர் சமையல்காரங்களுக்கு விசா ஈசியா கிடைக்கும்னு கணக்கு. ஓட்டல் நடத்துற வங்கதேசத்துக்காரங்க நெறைய பேர் நம்பி லீவ் போட்டாங்க. சமையல்காரர் விசா அவங்க எதிர்பார்த்த மாதிரி வரல.

மீன் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்னு பாப்போம், ஏன்னா இந்த மொத்த சண்டையும் ஒரே ஆத்துல நடந்த நாள் ஒண்ணு இருக்கு. 2016 ஜூன் 15. லண்டன் தேம்ஸ் நதில மீன்பிடி படகுகளை வரிசையா கூட்டிட்டு ஃபராஜ் பார்லிமென்ட் பக்கம் வர்றார், யார் எவ்ளோ மீன் பிடிக்கலாம்னு பங்கு போடுற ஐரோப்பிய யூனியன் கோட்டா எங்க பொழப்பை கெடுத்துடுச்சுன்னு. எதிர்த்தாப்ல இன்னொரு படகுல பாடகர் பாப் கெல்டாஃப், பெரிய ஸ்பீக்கர்ல பாட்டை அலற விட்டுட்டு, மைக்ல "நீ மீனவனுக்கு நண்பனே இல்ல, ஐரோப்பிய பார்லிமென்ட் மீன்வளக் குழுவோட 43 கூட்டத்துல ஒண்ணே ஒண்ணுக்குதான் போயிருக்க"ன்னு கத்துறார், கையால கெட்ட சைகை வேற. மீனவங்க பதிலுக்கு பைப்ல தண்ணி பீச்சி அடிக்கிறாங்க. பாக்கறவங்களுக்கு செம காமெடி. ஆனா அந்த மீனவங்களுக்கு அது காமெடி இல்ல, பாட்டு பாடி பணக்காரரானவர் படகுல நின்னு நம்மளை பாத்து சிரிக்கிறார்னுதான் தெரிஞ்சுச்சு.

கிரிம்ஸ்பி மாதிரி மீன் துறைமுக ஏரியால கிட்டத்தட்ட 70 சதவீதம் லீவ். ஆனா கிரிம்ஸ்பியோட பெரிய படகு தொழில் படுத்ததுக்கு முக்கிய காரணம் ஐஸ்லாந்து. 1970கள்ல ஐஸ்லாந்து தன் கடலை 200 மைலுக்கு நீட்டி பிரிட்டிஷ் படகுகளை விரட்டி விட்டுச்சு. இன்னிக்கு கிரிம்ஸ்பி ஃபேக்டரில வெட்டுற மீன்ல பெரும்பகுதி ஐஸ்லாந்துலருந்தும் நார்வேலருந்தும் வர்றதுதான். அதுக்காக கோட்டா மேல இருந்த கோபம் பொய்யில்ல, அந்த பங்கீடு நிஜமாவே பிரிட்டனுக்கு பாதகமா இருந்துச்சு. பழைய காயத்துக்கும் புது காயத்துக்கும் ஒரே ஆள் மேல பழி விழுந்துச்சு, அவ்ளோதான்.

அந்த படகு சண்டை நடந்தப்போ சின்ன ரப்பர் படகுல ரிமெய்ன் கொடியோட ஒரு குடும்பம் இருந்துச்சு. லேபர் எம்பி ஜோ காக்ஸோட கணவரும் ரெண்டு சின்னக் குழந்தைங்களும். அடுத்த நாள், ஜூன் 16, யார்க்ஷயர்ல பர்ஸ்டல்ங்கிற ஊர்ல தொகுதி மக்களை பாக்கப் போன இடத்துல ஜோ காக்ஸை ஒரு தீவிர வலதுசாரி சுட்டும் குத்தியும் கொன்னுட்டான். ரெண்டு தரப்பும் பிரச்சாரத்தை நிறுத்துனாங்க. மூணு நாள்ல மறுபடி ஆரம்பிச்சிட்டாங்க.

[திரையில்: மேப். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் ஒரு கலர், இங்கிலாந்தும் வேல்ஸும் பெரும்பாலும் இன்னொரு கலர்]

இந்த மேப்பை பாருங்க. இங்கிலாந்து, வேல்ஸ் லீவ். ஸ்காட்லாந்து 62 சதவீதம் ரிமெய்ன், வட அயர்லாந்து 55.8 ரிமெய்ன். பல கருத்துக்கணிப்புப்படி 65 வயசு தாண்டினவங்க பத்துல ஆறு பேர் லீவ், 25 வயசுக்குள்ள பத்துல ஏழு பேர் ரிமெய்ன். அதனால இது வீட்டுக்குள்ள வந்துச்சு, அப்பா ஒண்ணு போட்டார் பொண்ணு ஒண்ணு போட்டா, கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல இந்த பேச்சை எடுக்கக் கூடாதுன்னு ரூல் போட்ட குடும்பமெல்லாம் உண்டு.

இப்போதான் நான் முதல்ல சொன்ன மேட்டர். இன்னிக்கு வீட்ல சமைக்க வேணாம், வெளிய சாப்பிடலாம்னு ஓட்டு எடுத்து மெஜாரிட்டி வந்துடுச்சுன்னு வைங்க. தெருவுக்கு வந்தப்புறம் ஒருத்தர் பிரியாணிங்கிறார், ஒருத்தர் சுத்த சைவம்ங்கிறார், ஒருத்தர் சும்மா காத்து வாங்கத்தான் கெளம்புனேன்ங்கிறார், வீட்லயே இருக்கலாம்னு சொன்னவன் பசியோட பின்னாடி வர்றான். பிரிட்டன் நெலமை அதேதான். நார்வே மாதிரி போகலாம்னு ஒரு குரூப்: யூனியன்ல இல்ல, ஆனா ஒற்றைச் சந்தைல (ஒரே ரூல்ல எல்லா நாட்டுக்குள்ளயும் தடையில்லாம வியாபாரம் பண்ற ஏற்பாடு) இருக்கு, அதுக்கு பதிலா ஐரோப்பிய ஆளுங்க வந்து போற உரிமையை ஏத்துக்கணும். துருக்கி மாதிரி சுங்க யூனியன்ல (வெளி நாட்டு சரக்குக்கு எல்லாரும் ஒரே சுங்கவரி போடுற ஏற்பாடு) மட்டும் இருக்கலாம்னு இன்னொண்ணு: சரக்குக்கு பெரும்பாலும் வரி கிடையாது, ஆனா மத்த நாட்டோட தனியா சுங்கவரி ஒப்பந்தம் போட முடியாது. கனடா மாதிரி வெறும் வர்த்தக ஒப்பந்தம் போதும்னு ஒண்ணு. ஒப்பந்தமே வேணாம் கதவை சாத்திட்டு போவோம்னு ஒண்ணு. இது எல்லாமே சீட்டுல ஒரே கட்டம்.

கேமரூன் ராஜினாமா பண்ணிட்டு போயிட்டார். சட்டப்படி பாத்தா அந்த வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான், ஆனா அரசாங்கமே 93 லட்சம் பவுண்டு செலவுல வீட்டுக்கு வீடு அனுப்பின நோட்டீஸ்ல "நீங்க முடிவு பண்றதை நாங்க நிறைவேத்துவோம்"னு அச்சடிச்சிருந்தாங்க. அப்புறம் எப்படி பின்வாங்க முடியும்? அடுத்த பிரதமரா வந்தது தெரசா மே. அவங்க போட்டது ரிமெய்ன், நிறைவேத்த வேண்டியது லீவ். பார்லிமென்ட்டை கேக்காம அரசே வெளியேறும் நோட்டீஸ் குடுக்க முடியாதுன்னு ஐகோர்ட் நீதிபதிங்க மூணு பேர் தீர்ப்பு சொன்னப்போ, மறுநாள் டெய்லி மெயில் அவங்க போட்டோவை முதல் பக்கத்துல போட்டு "மக்களின் எதிரிகள்"னு தலைப்பு குடுத்துச்சு. அப்புறம் சுப்ரீம் கோர்ட்டும் 8க்கு 3ன்னு அதையேதான் சொல்லுச்சு.

இதெல்லாத்தையும் விட பெரிய முடிச்சு அயர்லாந்து. பிரச்சாரத்துல இங்கிலாந்துல இதை பத்தி யாரும் பெருசா பேசவே இல்ல. வட அயர்லாந்து பிரிட்டனோட சேந்தது, தெக்க இருக்கிற அயர்லாந்து தனி நாடு, யூனியன்ல இருக்கிற நாடு. நடுவுல சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200க்கு மேல ரோடு அதை கடக்குது, சில எடத்துல ஒரே ஆளோட வயலே ரெண்டு நாட்டுல இருக்கும். வட அயர்லாந்து பிரிட்டனோட இருக்கணுமா, அயர்லாந்தோட சேரணுமான்னு நடந்த 30 வருஷ வன்முறைல 3,500 பேருக்கு மேல செத்தாங்க, 1998 புனித வெள்ளி சமாதான ஒப்பந்தம் வந்தப்புறம் அங்க செக்போஸ்ட், ராணுவ டவர் எதுவும் இல்ல. இப்போ பிரிட்டன் ஒற்றைச் சந்தையை விட்டும் சுங்க யூனியனை விட்டும் வெளிய வந்தா, சரக்கை எங்கயாவது சோதிக்கணும். நிலத்துல எல்லையை போட்டா சமாதானம் ஆட்டம் காணும், கடல்ல போட்டா வட அயர்லாந்து தனியா அறுந்து நிக்கும், ரெண்டும் வேணாம்னா மொத்த பிரிட்டனும் சுங்க யூனியன் மாதிரி எதுலயோ மாட்டிக்கணும். மூணுல ஒண்ணை எடுத்துதான் ஆகணும், நாலாவது வழி கிடையாது.

மே மூணாவதை எடுத்தாங்க, வேற வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் தற்காலிகமான்னு சொல்லி. யூனியனோட அப்படி பேசி முடிச்ச வெளியேற்ற ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 பார்லிமென்ட்ல ஓட்டுக்கு வந்துச்சு, ஆதரவு 202, எதிர்ப்பு 432. அந்த நாட்டு நவீன வரலாற்றுல எந்த அரசாங்கமும் இவ்ளோ வித்தியாசத்துல தோத்ததில்ல. தோக்கடிச்சது யாருன்னு பாத்தா இன்னும் வேடிக்கை, இது வெளியேறுறதே இல்லன்னு சொன்ன கடும் லீவ் காரங்களும், வெளியேறவே கூடாதுன்னு சொன்ன ரிமெய்ன் காரங்களும் ஒரே வரிசைல நின்னு நடந்து போய் ஓட்டு போட்டாங்க.

அப்புறம் எம்பிக்களே, சரி நாங்களே ஒரு வழி சொல்றோம்னு மார்ச் 27 ராத்திரி 8 யோசனையை தனித்தனியா ஓட்டுக்கு விட்டாங்க. எட்டும் தோத்துச்சு. ஒப்பந்தமே இல்லாம போலாம்ங்கிறதுக்கு 160 பேர்தான். ஏப்ரல் 1 மறுபடி 4 யோசனை, நாலும் தோத்துச்சு, சுங்க யூனியன் யோசனை வெறும் 3 ஓட்டுல தோத்துச்சு, 273க்கு 276. அன்னிக்கு விவாதம் நடக்கும்போதே பார்வையாளர் மாடத்துல பருவநிலை போராளிங்க அரை நிர்வாணமா நின்னு கண்ணாடில கையை பசை போட்டு ஒட்டிக்கிட்டாங்க, கீழ எம்பிக்கள் சிரிப்பை அடக்கிக்கிட்டு சுங்கவரி பத்தி பேசிட்டு இருந்தாங்க. நான் எழுதுனா யாரும் நம்ப மாட்டீங்க, வீடியோ இருக்கு. நார்வே மாதிரி சமரச யோசனை கொண்டு வந்த நிக் போல்ஸ்ங்கிற கன்சர்வேட்டிவ் எம்பி, ரிசல்ட் வந்த உடனே எழுந்து, என் கட்சி எதுக்கும் இறங்கி வர மாட்டேங்குதுன்னு சொல்லிட்டு அங்கயே கட்சியை விட்டு நடந்து வெளிய போனார். அந்த சமயத்துல வெளியேற்றத்தையே ரத்து பண்ணுங்கன்னு ஆன்லைன் மனுல 60 லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க, தெருவுல லட்சக்கணக்குல ஊர்வலம், எதுவும் நகரல.

மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். மே போனாங்க, போரிஸ் ஜான்சன் வந்தார். (2016ல லீவ் பக்கம் போறதுக்கு முன்னாடி ரிமெய்னுக்கு ஆதரவா ஒண்ணு, லீவுக்கு ஆதரவா ஒண்ணுன்னு ரெண்டு கட்டுரை எழுதி வெச்சு பாத்தவர் அவர்.) பார்லிமென்ட்டை அஞ்சு வாரம் மூடுனார், சுப்ரீம் கோர்ட்ல 11 நீதிபதியும் ஒரே குரல்ல சட்டவிரோதம்னுட்டாங்க. சொந்தக் கட்சில எதிர்த்து ஓட்டு போட்ட 21 எம்பிக்களை தூக்குனார், அதுல ஒருத்தர் சர்ச்சிலோட பேரன். அயர்லாந்து முடிச்சுக்கு கடல்ல எல்லைங்கிற வழியை எடுத்தார், ஒரு வருஷம் முன்னாடி வட அயர்லாந்து கட்சி மாநாட்டு மேடைல ஏறி, எந்த கன்சர்வேட்டிவ் அரசும் அதுக்கு கையெழுத்து போடாதுன்னு கை தட்டு வாங்கிட்டு வந்த அதே ஆள். டிசம்பர் தேர்தல்ல "பிரெக்சிட்டை முடிச்சு தொலைப்போம்"னு ஒரே கோஷம், 80 சீட் மெஜாரிட்டி. ஜனங்க அதை விரும்பி ஓட்டு போட்டாங்களா, இல்ல டிவில இந்த பேச்சு நின்னா போதும்னு போட்டாங்களான்னு கேட்டா, ரெண்டாவதுக்கும் நெறைய பங்கு இருக்குன்னுதான் நான் சொல்வேன்.

2020 ஜனவரி 31 ராத்திரி 11 மணிக்கு வெளிய வந்தாங்க, 11 ஏன்னா பிரஸ்ஸல்ஸ்ல அப்போ 12. அந்த வருஷம் முடிஞ்சதும் புது ரூல். ஜனவரி 2021ல நெதர்லாந்து துறைமுகத்துல ஒரு லாரி டிரைவரோட ஹாம் சாண்ட்விச்சை சுங்க அதிகாரிங்க பறிமுதல் பண்ணாங்க, இனி இறைச்சி எடுத்துட்டு வரக்கூடாது. பிரெட்டையாவது வெச்சுக்கட்டுமான்னு டிரைவர் கேட்டார், இல்ல சார் எல்லாம் போகும், பிரெக்சிட்டுக்கு வரவேற்கிறோம்னாங்க. பெரிய கணக்குல, பிரிட்டனோட பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், யூனியன்ல இருந்திருந்தா வந்திருக்க வேண்டியதைவிட நாட்டோட உற்பத்தித்திறன் நீண்டகாலத்துல 4 சதவீதம் குறையும்னு மதிப்பிடுது. உடனே இடிஞ்சு விழும்னு ஆஸ்போர்ன் சொன்ன மாதிரி நடக்கல, மெதுவா கசியுது. குடியேற்றம் குறையணும்னு ஓட்டு போட்டவங்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை, ஐரோப்பிய ஆளுங்க குறைஞ்சாங்க, இந்தியா நைஜீரியாலருந்தெல்லாம் வர்றவங்க கூடினாங்க, 2023ல நிகர குடியேற்றம் வருஷத்துக்கு 9 லட்சத்தை தாண்டுச்சு. அந்த கோபத்தை இப்போ அறுவடை பண்றதும் அதே ஃபராஜ்தான், ரிஃபார்ம்னு புது கட்சிப் பேர்ல, 2024 தேர்தல்ல 14 சதவீத ஓட்டு.

இப்போ கருத்துக்கணிப்பு எடுத்தா தப்பு பண்ணிட்டோம்னு சொல்றவங்கதான் அதிகம். ஆனா 2024ல ஜெயிச்ச லேபர் கட்சியே ஒற்றைச் சந்தை, சுங்க யூனியன் எதுக்கும் திரும்ப மாட்டோம்னு எழுதிக் குடுத்துதான் ஜெயிச்சாங்க, அந்த பேச்சை எடுக்கவே எல்லாருக்கும் பயம். 2025 மே மாசம் அப்போதைய லேபர் பிரதமர் கீர் ஸ்டார்மர் யூனியனோட ஒரு சின்ன சமரசம் பண்ணார், உணவுப் பொருள் சோதனையை குறைக்க வழி பேசுனாங்க, அதே மேசைல ஐரோப்பிய படகுகள் பிரிட்டன் கடல்ல மீன் பிடிக்கிற உரிமையை இன்னும் 12 வருஷம், 2038 வரைக்கும், நீட்டிச்சுக் குடுத்தார். மீனவர் சங்கங்க மறுபடி துரோகம்ங்கிறாங்க, சூப்பர் மார்க்கெட்காரங்க ரொம்ப நல்லதுங்கிறாங்க.